429 கோடிச் சொச்சம்

4294967297. நம் கணக்கு சாரிடம் படித்தவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததுமே கோத்தகிரியின் ஐப்பசி மழை நினைவுக்கு வரும்.

2ஐ வர்க்கமாக்கி, வந்ததை மறுபடி வர்க்கமாக்கிக்கொண்டே போனால் 2, 4, 16, 256, 65536. ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசையில் எது வந்தாலும் பகா எண்தான் என்று 17ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். ஆறாவதாக வருவது நம் எண்.

"ஃபெர்மா நினைச்சது சரியா, பாருங்க" என்று சார் ஆளுக்குச் சில பகா எண்களைப் பிரித்துக் கொடுத்தார். ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்து சாக்பீஸ் நமுத்துப்போகும் காலம். கரண்ட்டும் இருக்காது. ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, நோட்டின் கடைசிப் பக்கங்களில் பத்து இலக்கத்தை வகுத்தோம். 7க்கு மீதி, 11க்கு மீதி, 13க்கும் மீதி. 3 முதல் 641 வரை 115 பகா எண்கள்!

"டேய், ஆய்லர் இத்தனையையும் வகுக்கலைடா" என்றார் சார். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும், அது 64இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்கும் என்று 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் கண்டுகொண்டார். 641 வரை அப்படிப்பட்ட பகா எண்கள் ஐந்துதான்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதில் மீதி இல்லை. ஈவு 6700417. ஃபெர்மாவின் நம்பிக்கை 1732இல் பொய்த்துப்போனது இப்படித்தான்.

அப்புறம் சார் வகுக்காமலே அதைக் காட்டினார். எனக்குக் கணக்கின் மேல் ஆசை வந்தது அன்றுதான். கரும்பலகையில் ஈரம் படாத மேல் மூலையில் நான்கே வரிகள். 641 என்பது 640 + 1; 640 என்பது 5ஐ 2இன் 7ஆம் அடுக்கால் பெருக்கியது. அதுவே 625 + 16. அதாவது 5இன் நான்காம் அடுக்கும் 2இன் நான்காம் அடுக்கும் சேர்ந்தது. இந்தக் கூட்டலை 2இன் 28ஆம் அடுக்கால் பெருக்கினால், 640இன் நான்காம் அடுக்கும் 2இன் 32ஆம் அடுக்கும் சேர்ந்த தொகை வரும். அது 641ஆல் வகுபடும். 640இன் நான்காம் அடுக்கில் 1 குறைத்தாலும், 640 + 1 அதன் காரணி என்பதால், 641ஆல் வகுபடும். முதலாவதிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது 2இன் 32ஆம் அடுக்கோடு 1. நம் எண்ணேதான்!

இப்போது நெட்வொர்க் வேலையில் தினமும் அதன் பக்கத்து வீட்டுக்காரரோடுதான் புழங்குகிறேன். இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் ஐபி முகவரிகளில், பழைய நான்காம் பதிப்பில் மொத்தம் 4294967296. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் அதோடு 1 கூட்டச் சொல்லி, சாரின் நான்கு வரிகளை எழுதிக் காட்டுவேன்.

நம் பழைய மாணவர் சங்கம் பள்ளியில் கணக்குப் பரிசு ஒன்று வைத்தால், வரிசையின் ஏழாவது எண்ணைக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. 20 இலக்கம். 1880இல் லாண்ட்ரி என்ற கணிதர் அதற்குக் கண்ட காரணி 274177. ஆறாவதற்கு 64 போல இதற்கு 128; காரணியில் 1ஐக் கழித்து 128ஆல் வகுத்துப் பார்க்கட்டும். 65537க்கு அப்புறம் இந்த வரிசையில் இன்னொரு பகா எண் உண்டா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம்.