கல்லுப்பு போட்ட கருப்பட்டிப் பாகு

துபாயிலிருந்து தம்பி வந்தபோது பெட்டியில் பேரீச்சை, பிஸ்தா, தைலம் இவற்றோடு ஒரு பாட்டிலும் இருந்தது. சால்ட்டட் கேரமல். ஐஸ்கிரீமின் மேல் ஊற்றிச் சாப்பிடுவதாம். உம்மா கரண்டி நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சீனியைத் தீயவிட்டு, உப்பையும் போட்டுவிட்டு, அதற்குக் காசும் வாங்குகிறார்களா?"

நான்கே நாளில் பாட்டில் காலி. பாதி உம்மாவின் கணக்கு.

இந்த உப்பு கேரமலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஆன்ரி லெ ரூ. பிரான்சில் பிரிட்டனி கடலோரத்துக் கிபெரோன் என்ற ஊரில் 1977இல் கடை திறந்தவர். அந்த வட்டாரத்தில் வெண்ணெய் என்றாலே உப்பு வெண்ணெய்தான். இதைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. கீழக்கரையில் இருந்துகொண்டு உப்புக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டுமா? வாலிநோக்கத்தில் அரசு உப்பளமே இருக்கிறது. இனிப்புக்குச் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி. வெண்ணெய்க்குப் பதில் தேங்காய்ப்பால்.

முதல் தடவை உப்பைத் தொடக்கத்திலேயே போட்டுத் தொலைத்தேன். பாகு சுண்டச் சுண்ட உப்பு மட்டும் அப்படியே நின்று, கடைசியில் ஊறுகாய்க்குத் தங்கையாக ஒன்று வந்தது. இரண்டாம் தடவை தலைப்பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டேன்; திரிந்துபோயிற்று. மூன்றாவதுதான் பாகு.

கால் கிலோ கருப்பட்டியைத் தட்டி, அரை தம்ளர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். இதில் சோம்பல் கூடாது. பல்லில் மணல் நெறிபட்டால் மற்ற எல்லாம் வீண். பிசுபிசுப்பு வரும்வரை காய்ச்சி, அடுப்பைத் தணித்து, அரை தம்ளர் தலைப்பாலை ஊற்றிக் கிண்டினால், கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் பதம் வரும். இறக்கி ஒரு கரண்டி நெய். உப்பைப் பாகில் இரண்டு சிட்டிகை கரைத்தால் போதும். மீதியைக் கல்லுப்பாக, அம்மியில் ஒன்றிரண்டாக நுணுக்கி, சாப்பிடும்போது மேலே தூவ வேண்டும். தூள் உப்பு உடனே கரைந்து எங்கும் பரவிவிடும். நுணுக்கிய கல்லுப்போ இனிப்புக்கு நடுவில் 'சுருக்' என்று ஒரு இடத்தில் மட்டும் தட்டுப்படும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும். கருப்பட்டிக்கென்று இருக்கும் இலேசான கசப்பையும் உப்பு அடக்கிவிடுகிறது. இனிப்பு முன்னால் வந்து நிற்கிறது.

எதில் ஊற்றலாம்? என் ஓட்டு நுங்குக்கு. இளம் நுங்கைத் தோல் சீவி, குளிரவைத்து, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். உள்ளே இருக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்தக் குழியில் பாகை நிரப்பி, நாலு கல் உப்பு. நுங்குக்குத் தனியாகப் பெரிய சுவை கிடையாது; குளிர்ச்சியும் வழுவழுப்பும்தான். பாகு அதில் போய் உட்காருகிறது. ஆனால் உடனே சாப்பிட வேண்டும். உப்பு பட்ட நுங்கு தண்ணீர் விடும். பத்து நிமிடம் கழித்து வந்த காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, கிண்ணத்தில் கருப்பட்டித் தண்ணீரில் மிதந்த நுங்குதான் கிடைத்தது.

முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டலப்பத்துக்கும் பொருந்துகிறது, ஆனால் அவிக்கும்போது இனிப்பைக் குறைத்துவிட வேண்டும். ஆப்பத்தின் நடுவில் ஒரு கரண்டி ஊற்றினால் பிள்ளைகள் ஓரத்தைப் பிய்த்து அதில் தொட்டுத் தின்கிறார்கள். வெனிலா ஐஸ்கிரீமில் பட்டதும் பாகு இறுகி மிட்டாயாகிறது. அதன்மேல் வறுத்த வேர்க்கடலையை உடைத்துப் போட்டு, நம் முண்டு மிளகாய்த் தூளையும் ஒரு சிட்டிகை தூவினேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் ஐஸ்கிரீமிலும் தலை நிமிர்ந்தே நிற்கிறது. தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ராத்தா, இன்னும் கொஞ்சம் வை" என்றான்.

அல்வா போலக் கிண்டி எடுக்கும் தொதலின் மேல் மட்டும் ஊற்றாதீர்கள். அதிலேயே தேங்காய்ப்பாலும் இனிப்பும் எண்ணெய் கக்க நிற்கின்றன. மேலே பாகு என்பது பணக்காரனுக்குப் பிச்சை போடுவது. துண்டு போட்டு, வெறும் உப்புக் கல் இரண்டு வைத்துப் பாருங்கள். சூடான பாயாசத்திலும் வேண்டாம், தூவிய உப்பு தெரியாமலே கரைந்துவிடும்.

தேங்காய்ப்பால் சேர்ந்ததால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இறுகினால் பாட்டிலை வெந்நீரில் நிறுத்துங்கள். பெருநாள் வட்டலப்பத்துக்கு இப்போதே ஒரு பாட்டில் சொல்லிவைத்திருக்கிறார் உம்மா. உப்பை மட்டும் அவரே நுணுக்கித் தாளில் தனியாக மடித்து வைத்துக்கொள்வாராம். என் கையை நம்பமுடியவில்லையாம்.