பார்க்காத மாதிரி பாருங்க

போன மாதம் சித்தி மகள் கல்யாணத்தில் போட்டோகிராபர் அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஜன்னலோரம் நிற்கவைத்து, "தோடு மாட்டுற மாதிரி கையை வைங்க மேடம், கேமராவைப் பாக்காதீங்க, லேசா சிரிங்க" என்கிறார். தோடு காலையிலேயே மாட்டியாயிற்று. மாப்பிள்ளைக்கு வந்தது ஒரே கட்டளை: "சார், நேரா என்னைப் பாருங்க."

இந்த ஜன்னலோரப் பெண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தால், ரவி வர்மா! 1873இல் சென்னைக் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்தது, கூந்தலில் பூச்சூடும் ஒரு நாயர் பெண்ணின் படம். அவள் பாட்டுக்குப் பூ வைத்துக்கொண்டிருப்பாள், நாம் பார்ப்பது அவளுக்குத் தெரியாது, அதுதான் ஏற்பாடு. 1894இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு அவர் வரைந்த தேவிகளெல்லாம் வீட்டுச் சுவர்களுக்கு வந்துவிட்டார்கள். பாட்டி வீட்டுக் காலண்டர் லட்சுமியும் அந்த வழியில் வந்தவள்தான். (அவரைத் திட்ட மனம் வரவில்லை. அந்தப் பட்டு மடிப்பை வேறு யார் வரைவார்கள்?)

ஆனால் ஓவியர் அம்ரிதா ஷெர்கில் 1934இல் தன்னையே பசிபிக் தீவான தாஹிதியின் பெண்ணாக வரைந்த படத்தைத் தேடிப் பாருங்கள். பிரெஞ்சு ஓவியர் கோகன் தாஹிதிப் பெண்களை மேலாடை இல்லாமல் வரைந்து தள்ளினார் இல்லையா, அதே கோலத்தில் இந்த 21 வயதுப் பெண் தானே நிற்கிறாள், முகத்தில் துளி சிரிப்பில்லை, பின்னால் ஓர் ஆணின் நிழல் பெரிதாக விழுந்திருக்கிறது. ரவி வர்மாவின் படத்துக்கு வெளியே ஒளிந்து நின்று பார்த்தவனை இவர் படத்துக்குள்ளேயே இழுத்துப் போட்டுவிட்டார். முதல் தடவை அந்த நிழலை நான் கவனிக்கவே இல்லை, அப்புறம் அதைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

இந்தியா திரும்பி அடுத்த வருடம் அவர் வரைந்த மூன்று பெண்கள் படத்திலும் யாரும் நம்மைப் பார்ப்பதில்லை. சரி, சித்தி மகளும்தான் பார்க்கவில்லை. ஆனால் அந்த மூன்று பேருக்கும் யோசிக்க ஏதோ பெரிதாக இருக்கிறது, நாம் இருந்தாலும் போனாலும் அவர்களுக்கு ஒன்றுதான். இவளுக்கோ எங்கே கை வைப்பது என்பதே கவலை.

ஆல்பம் வந்துவிட்டது. பெரிதாக்கிச் சுவரில் மாட்ட அவள் எடுத்தது அந்தத் தோடு படத்தைத்தான். உண்மையைச் சொன்னால், நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.