63 அங்குலம்: 2019 கோடையில் நாங்கள் தண்ணீர் வாங்கிய கதை

2019 கோடையைச் சென்னையில் கழித்தவர்களுக்கு நான் முன்கதை சொல்ல வேண்டியதில்லை. முந்தைய வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற குடிநீர் ஏரிகள் நான்கும் சேர்ந்து 11,257 மில்லியன் கன அடி பிடிக்கும். ஜூன் மாதம் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. எங்கள் கட்டிடம் வேளச்சேரியைத் தாண்டி இருக்கிறது. எட்டு வீடு, 28 பேர். 2015 டிசம்பரில் கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்ற அதே கட்டிடத்தில், ஏப்ரல் கடைசியில் போர் மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. எதிர்க் கட்டிடத்தில் 400 அடி வரை போர் போட்டுப் பார்த்தார்கள். பாறையைக் குடைந்த புழுதிதான் புகை மாதிரி எழுந்தது. அதைப் பார்த்த பிறகு ஆழப்படுத்தும் பேச்சை விட்டுவிட்டோம். சரி, இனி லாரிதான். அந்த வருடம் அசோசியேஷன் செயலாளர் பொறுப்பு என்னிடம் இருந்தது.

முதலில் அரசு விலைக்குக் கிடைக்கும் லாரிக்குப் பதிவு செய்யப் போனேன். அசோசியேஷன் கடிதத்தோடு போனால், "வீட்டு வரி ரசீது எங்கே?" என்றார் எழுத்தர். மறுநாள் ரசீதோடு போனால், அதில் கட்டிடம் கட்டியவர் பெயரே இருக்கிறது, பெயர் மாற்றிய காகிதம் வேண்டும் என்றார். அதையும் தேடி எடுத்துக்கொண்டு மூன்றாம் தடவை போனபோதுதான், ஒரு வீட்டுக்குத் தண்ணீர் வரி இரண்டு அரையாண்டு பாக்கி என்பது தெரிந்தது. மூன்று நாள் அரை லீவு, மே மாத வெயிலில். என்னென்ன வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும். நீங்கள் போனால் ஜன்னலில் நின்றபடியே ஒரு தாளை நீட்டி, "தேவையான எல்லாத்தையும் இதுல எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். எல்லா வீட்டு வரி பாக்கியையும் போவதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள். பதிவு ஆன பிறகும் முதல் லாரி வர 19 நாள் ஆனது.

அந்த 19 நாளும், அதற்குப் பிறகும் பெரும்பாலும், தனியார் லாரிதான். முந்தைய வருடம் 1,500 ரூபாய்க்கு வந்த லோடு 4,500 ஆகியிருந்தது. அதுவும் எப்போது வரும் என்று சொல்லமாட்டார்கள். எங்களுக்கு முதல் வண்டி இரவு ஒன்றே முக்காலுக்கு வந்தது. "அக்கா, சீக்கிரம் மூடியைத் திறங்க, இன்னும் மூணு லோடு இருக்கு" என்று டிரைவர் தம்பி அவசரப்படுத்தினார். ஹோஸ் போட்டு இருபது நிமிடத்தில் கொட்டிவிட்டுப் போய்விட்டார். டார்ச் அடித்துப் பார்த்தேன். நுரை கட்டிக்கொண்டு தண்ணீர் ஏறியிருந்தது. அந்த நேரத்தில் அதைப் பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது. எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

வண்டி 12,000 லிட்டர் என்றார்கள். ஒரு நாளைக்கு 3,000 என்று கணக்குப் போட்டு, காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் மட்டும் வால்வு திறந்தோம். நான்கு நாள் வரவேண்டும். மூன்றாம் நாள் இரவே மோட்டார் காற்றை இழுத்தது. இரண்டாவது லோடும் அப்படித்தான். மூன்றாவது, நான்காவதும் அப்படியே.

அப்போதுதான் பேச்சு கிளம்பியது. கீழ்வீட்டில் ஒரு பெண், கைக்குழந்தைக்காரி. தினமும் துணி துவைப்பாள், வேறு வழி? "அங்கேதான் தண்ணி போகுது" என்று ஒருவர் ஆரம்பிக்க, கூட்டத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். நானும் போய் அவளிடம், "கொஞ்சம் பார்த்துப் புழங்கும்மா" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல், மூலையில் மூடி வைத்திருந்த பக்கெட்டைக் காட்டினாள். துணி அலசின தண்ணீர். அதைத்தான் கழிவறைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்படியும் நான் நம்பவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மறுநாள் எங்கள் வீட்டு ஒட்டடைக் கம்பை எடுத்து, அதில் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டேன். நகப்பூச்சுதான், தண்ணீரில் அழியாது. எங்கள் சம்ப், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தொட்டி, 10 அடி நீளம், 8 அடி அகலம். ஓர் அங்குலம் ஏறினால் சுமார் 190 லிட்டர். 12,000 லிட்டர் என்றால் 63 அங்குலம் ஏற வேண்டும். அடுத்த லாரி வந்தபோது கொட்டுவதற்கு முன் கம்பை இறக்கினேன்: 4 அங்குலம். கொட்டி முடித்துத் தண்ணீர் அசைவு அடங்கியதும் மறுபடி இறக்கினேன். கம்பில் ஈரம் 54-ல் நின்றது. இன்னொரு தடவை இறக்கினேன், அதே 54.

50 அங்குலம். அதாவது 9,500 லிட்டர்கூட இல்லை. ஒவ்வொரு லோடிலும் ஏறக்குறைய 2,500 லிட்டர் வராமலே அதற்கும் பணம் கொடுத்திருக்கிறோம். ஒரு நாளுக்கான தண்ணீர் எங்கே போயிற்று என்பதற்கு அதுதான் பதில்.

டிரைவர் தம்பி, "ஓனரைக் கேளுங்கக்கா, நான் ரொப்புன தண்ணியைத்தான் கொண்டு வரேன்" என்றார். ஓனர் போனில், "வேணும்னா வாங்குங்க, ஆயிரம் பேர் கேக்குறாங்க" என்று வைத்துவிட்டார். அந்த ஆளை அன்றோடு விட்டோம். அடுத்து விசாரித்த இரண்டு பேர் அளவு என்றதுமே மறுத்தார்கள். மூன்றாமவர் ஒப்புக்கொண்டார்: 63 ஏறினால் முழுப் பணம், குறைந்தால் அங்குலக் கணக்கில் கழிவு. அவர் வண்டியில் முதல் நாள் 61 ஏறியது. நானும் மேல்வீட்டு மாமியும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம், மாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்றும் அவரிடம்தான் கற்றுக்கொண்டோம். வால்வு இருக்கும் பக்கம் தாழ்வாக இருக்கும்படி வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். மேடாக நின்றால் டேங்கின் அடியில் கணிசமாகத் தங்கி, அப்படியே திரும்பிப் போய்விடும். அப்புறம், ஹோஸை சம்ப்பில் விடுவதற்கு முன் ஒரு பக்கெட் பிடித்து டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் சின்னக் கருவி அது. குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. நாங்கள் பார்க்காமல் வாங்கிய ஒரு லோடு 2,100 காட்டியது. குக்கரில் ஏழு விசில் விட்டும் பருப்பு கல்லாகவே கிடந்தது. சம்ப்பில் கலந்துவிட்டால் திருப்பி அனுப்ப வழியில்லை.

கணக்குச் சரியானதும் வீடுகளுக்குள்ளும் தேடினோம். ஃப்ளஷ் டேங்கில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் தொடாமல் இருக்க வேண்டும். கோப்பையில் மஞ்சள் இறங்கினால் உள்ளே கசிகிறது. எட்டு வீட்டில் மூன்றில் இறங்கியது. அதில் ஒன்று என் வீடு. கீழ்வீட்டில் இறங்கவில்லை.

ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு ரயில் வில்லிவாக்கம் வந்ததை டிவியில் காட்டினார்கள். அன்று மாலைதான் நோட்டை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனேன். அளக்க ஆரம்பித்ததிலிருந்து எல்லா லோடுக்கும் தேதி போட்டு எழுதிய அங்குலக் கணக்கைக் காட்டி, "தப்பு எங்க மேலம்மா, மனசுல வெச்சுக்காதே" என்றேன். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "இந்த ரெண்டு நாள் கொட்டுறதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு எழுதாம விட்டுட்டீங்களே அக்கா" என்றாள். உண்மைதான், விட்டிருந்தேன்.

அடுத்த லாரி வந்த இரவில் அவள்தான் கம்பை இறக்கினாள். அந்தக் கம்பு இப்போதும் மோட்டார் அறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. நோட்டு அவளிடம் இருக்கிறது.