மச்சான் சொன்னதையும் சேர்த்துத்தான்

சைகை மொழியை ஆன்லைனில் படிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். மொழியைப் படிக்கலாம். மொழிபெயர்ப்பாளரின் வேலையைப் பழக மட்டும் ஊருக்குள் இறங்கத்தான் வேண்டியிருக்கிறது.

ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் ஊர்ப் பக்கம் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் ஒரு மையத்தில் நான் உதவியாளர். பகலில் அங்கே வேலை, இரவில் போனில் வகுப்பு. பாடம் எடுப்பவர் டெல்லியில் இருக்கிறார், அவருக்கும் காது கேட்காது. மற்ற ஆன்லைன் வகுப்புகளில் படம் உறைந்துபோனாலும் குரல் வந்துகொண்டிருக்கும், பாதிப் பாடமாவது காதில் விழும். இங்கே படம் நின்றால் பாடமே நின்ற மாதிரி. காற்று பலமாக அடிக்கும் நாட்களில் எங்கள் பக்கம் கரண்டும் போகும், சிக்னலும் போகும். வீட்டுப்பாடத்தை வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும், திருத்தமும் வீடியோவாகவே வரும். அதில் கையைவிட முகத்தைப் பற்றிய பேச்சுதான் அதிகம். ஆமாவா இல்லையா என்று கேட்டால் புருவம் உயர வேண்டும். புருவம் சும்மா இருந்தால் அது கேள்வியே இல்லை.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்திய சைகை மொழியிலும் ‘என்ன’, ‘எங்கே’ எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் பெரும்பாலும் வரும், ‘இல்லை’யும் அப்படித்தான். இரண்டு கையாலும் காட்டும் ஆங்கில எழுத்துகள் வேறு கதை. எனக்கு அவை சீக்கிரம் வந்துவிட்டன, ஆனால் பள்ளிக்கூடம் போகாமல் கடலுக்குப் போனவரிடம் அவற்றைக் காட்டி என்ன பயன்? டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி 2021-இல் 10,000 சொற்களைத் தொட்டது. சட்டம், மருத்துவம், விவசாயம் என்று நிறைய இருக்கிறது. சூடை, சீலா மீன்களுக்கான சைகைகளுக்கு நான் கரைக்குத்தான் போனேன். அங்கே காது கேளாத அண்ணன் ஒருவர் திருக்கைக்கு வைத்திருக்கும் சைகையில் வால்முள்ளும் சேர்ந்தே வரும்!

அந்த அண்ணனுடன்தான் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்தத் தடைக்காலத்துக்கான நிவாரணம் அவர் கணக்கில் ஏறவில்லை. துணைக்கு அவருடைய மச்சானும் வந்திருந்தார். யார் சொல்வதை மொழிபெயர்க்கிறோமோ அவராகவே பேச வேண்டும், ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது என்பது பயிற்சியில் சொல்லித்தரும் விதி. நானும் அப்படியே, “என் பெண்டாட்டியோட தம்பி கணக்குக்குப் பணம் வந்துருச்சு, எனக்குத்தான் வரல” என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். விளக்கிச் சொன்ன பிறகும் என்னிடமேதான் பேசினார்: “ஆதாரை எடுத்துட்டு வரச் சொல்லும்மா.”

மச்சான் குறுக்கே விழுந்தார். “அவனுக்கு என்ன சார் தெரியும், எங்கிட்ட சொல்லுங்க.”

அதையும் நான் சைகையில் சொன்னேன். அந்த இடத்தில் பேசப்படும் எல்லாமே காது கேளாதவருக்கும் போய்ச் சேர வேண்டும், நல்லதை மட்டும் பொறுக்கிக் கொடுப்பது வேலை இல்லை. மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருடமாக எத்தனை இடத்தில் இதையே சொல்லியிருப்பாரோ. அண்ணன் அவரைப் பார்த்துவிட்டு மேசைப் பக்கம் திரும்பினார். ஆதார் பழைய வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது, அந்தக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது, அதை மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். காரணம் அவருக்கு முன்னமே தெரியும். யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் காது கேளாதவர்களைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் என்று கூட வர எப்போதும் ஆள் இருக்கும். வருகிறவர்கள் பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். பாசத்தில் செய்வதால் தடுப்பதும் கஷ்டம். நான் குறுக்கே பேசாமல் நின்றால், “என்னத்தா, நீயும் ரெண்டு வார்த்தை எடுத்துச் சொல்லக்கூடாதா?” என்று கோபப்படுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் தெருவே விசாரிக்கும். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கும் சித்தியிடம் வாய் திறக்காமல் இருப்பதைப் பாடம் ஒரே வரியில் முடித்துவிட்டது. எனக்கு அது இன்றும் தினசரிப் போராட்டம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியையும் தகவல் தொடர்பு வழிகளில் ஒன்றாகச் சொல்கிறது. முகாம்களுக்கு மொழிபெயர்க்க ஆளும் கூப்பிடுகிறார்கள். ஆனால் பாதிப் பேர் இதைச் சேவை என்று நினைத்து சால்வையோடு முடித்துக்கொள்கிறார்கள். இருவர் மாறி மாறிச் செய்ய வேண்டியதை ஒருத்தியே மதியம் வரை செய்தால், கை வலிப்பதற்கு முன்பே மூளை களைத்துவிடும்.

இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் மொழிபெயர்ப்பாளராகப் பதிவு பெற இரண்டு ஆண்டு டிப்ளமோவை நேரில் போய்ப் படிக்க வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சம்மதம் வாங்கவில்லை. அண்ணனிடம் சொன்னேன். போய்ப் படி என்றவர், போவதற்கு முன்னால் மச்சானுக்கு நாலு சைகை கற்றுக்கொடு என்றார்.