சொற்பட்டியலைத் திருத்திய நாட்கள்

2024 ஜூன் 3, திங்கள்

பல வருடங்களாகச் சேர்த்த சொற்பட்டியல் ஒன்று என்னிடம் இருக்கிறது. வரிக்கு ஒரு சொல், நடுவில் சமக்குறி, பிறகு பொருள். 4,000 வரியைத் தாண்டிவிட்டது. ‘கணினி’ பல இடங்களில் ‘கனினி’ என்று இருக்கிறது. இன்னும் என்னென்ன பிழை இருக்கிறதோ தெரியவில்லை. இந்தக் கோப்பை முழுக்க முழுக்க டெர்மினலிலேயே, அதாவது கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் சாளரத்திலேயே, திருத்திப் பழகப்போகிறேன். என்னைப் போலப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

இன்று எதையும் மாற்றவில்லை. ‘சிபி’ கட்டளையால் கோப்புக்கு ஒரு நகல் எடுத்தேன். ‘டபிள்யூசி மைனஸ் எல்’ வரிகளை எண்ணிச் சொன்னது. ‘கேட்’ போட்டால் நாலாயிரம் வரியும் கண்முன்னே ஓடிவிடுகிறது. பெரிய கோப்புக்கு ‘லெஸ்’தான் சரி. ஸ்பேஸ் விசையால் பக்கம் பக்கமாகப் போகலாம், சாய்கோடு போட்டுச் சொல்லைத் தேடலாம், ‘க்யூ’ அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். லெஸ் கோப்பைக் காட்டுவதோடு சரி, உள்ளே கை வைக்காது. அதனால் பயமில்லாமல் உலாவ முடிந்தது.

ஜூன் 4, செவ்வாய்

இன்று நானோ என்ற எடிட்டர், அதாவது உரையைத் திருத்தும் நிரல். திறந்ததும் தட்ட ஆரம்பித்துவிடலாம். கீழே இரண்டு வரியில் குறுக்குவிசைகளைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. அங்கே வரும் தொப்பி போன்ற குறிக்கு கன்ட்ரோல் விசை என்று பொருள். கன்ட்ரோல் ஓ சேமிக்கும், கன்ட்ரோல் எக்ஸ் வெளியேற்றும், கன்ட்ரோல் டபிள்யூ தேடும். நான்கைந்து வரியைத் திருத்த இது போதும். பைக்கோ என்ற எடிட்டருக்கு மாற்றாக 1999-இல் ‘டிப்’ என்ற பெயரில் வந்த நிரல் இது. 2000-இல் பெயர் மாறியது.

ஜூன் 6, வியாழன்

விம் என்ற இன்னொரு எடிட்டரைத் திறந்தேன். தட்டிய எழுத்து எதுவும் கோப்பில் விழவில்லை, கர்சர் எங்கோ தாவியது, ஒரு வரி மறைந்தது. எஸ்கேப் அழுத்தி, கோலன், க்யூ, ஆச்சரியக்குறி போட்டு எதையும் சேமிக்காமல் வெளியே வந்தேன். விம் கற்கிறவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இந்த வழியைத்தான் என்பது என் கருத்து.

விம்மில் கட்டளை நிலை வேறு, எழுதும் நிலை வேறு. ‘ஐ’ அழுத்தினால் எழுதலாம், எஸ்கேப் அழுத்தினால் மறுபடி கட்டளை நிலை. ‘டி’ என்றால் நீக்கு, ‘டபிள்யூ’ என்றால் சொல். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சொல் போகும். ‘டி’யை இரண்டு முறை அழுத்தினால் வரியே போகும். ‘யு’ அழுத்தினால் போனது திரும்பி வரும். எச், ஜே, கே, எல் விசைகளால் ஏன் நகர வேண்டும் என்று தேடிப் பார்த்தேன். விம்முக்கு முன்னோடியான விஐ எடிட்டரை 1976-இல் எழுதிய பில் ஜாய் பயன்படுத்தியது ஏடிஎம்-3ஏ என்ற முனையம். அதன் விசைப்பலகையில் அம்புக்குறிகள் அந்த நான்கு எழுத்து விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன.

ஜூன் 9, ஞாயிறு

இன்று, வரிகளைத் தேடித் தரும் கிரெப்பும் உரையை மாற்றித் தரும் செட்டும். நாள் முழுக்க இதிலேயே போனது.

‘எட்’ என்ற பழைய எடிட்டரில் ஜி/ஆர்இ/பி என்றொரு கட்டளை உண்டு. கோப்பு முழுவதிலும் இந்த வடிவத்தைத் தேடி, கிடைத்த வரிகளை அச்சிடு என்று அர்த்தம். கிரெப் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. ‘கிரெப் மைனஸ் என் கனினி’ என்றதும் பிழையான வரிகள் வரி எண்ணோடு வந்து நின்றன. ‘மைனஸ் சி’ போட்டேன், 37. இது வரிகளின் கணக்கு. ஒரே வரியில் பிழை இரண்டு முறை வந்தாலும் ஒன்றாகத்தான் எண்ணும்.

செட்டுக்கு நான் கொடுத்தது இது: எஸ்/கனினி/கணினி/. திருத்திய உரை திரையில் வந்தது, கோப்பு அப்படியே இருந்தது. இந்த இயல்புதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. திரையில் பார்த்து, திருப்தியானால் மட்டும் கோப்பில் எழுதச் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு வரியிலும் முதல் ‘கனினி’ மட்டுமே மாறியிருந்தது. கடைசிச் சாய்கோட்டுக்குப் பிறகு ‘ஜி’ சேர்த்தால் வரியில் உள்ள எல்லாமே மாறும். அப்புறம், கோப்பிலேயே எழுதச் சொல்லும் ‘மைனஸ் ஐ’யோடு இடைவெளி விடாமல் ‘.பேக்’ சேர்த்து ஓட்டினேன். பழைய கோப்பு அந்தப் பின்னொட்டோடு பத்திரமாகத் தனியே நின்றுவிடும். லினக்ஸ், மேக் இரண்டிலும் இப்படி எழுதினால் வேலை செய்கிறது.

அடுத்து, நகல் என்ற பொருளில் வரும் ‘படி’யைப் ‘பிரதி’ என்று மாற்ற நினைத்தேன். இந்த முறை திரையில் பார்க்காமல் நேராக எழுதிவிட்டேன். ‘டிஃப்’ போட்டுப் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டபோது ‘அப்படி’ என்பது ‘அப்பிரதி’ ஆகியிருந்தது. ‘படிப்பு’ போய் ‘பிரதிப்பு’. செட்டுக்குச் சொல் என்பது தெரியாது, எழுத்துகளின் வரிசைதான் தெரியும். விகுதியும் வேற்றுமை உருபும் ஒட்டிக்கொண்டே வரும் தமிழில் இதை மறக்கவே கூடாது. ‘.பேக்’ கோப்பிலிருந்து மீட்டேன். வரித் தொடக்கத்தைக் குறிக்கும் தொப்பிக் குறி, ‘படி’, ஓர் இடைவெளி, சமக்குறி என்று வடிவத்தை இறுக்கித் தேடினேன். ஒரே ஒரு வரி வந்தது. நான் மாற்ற நினைத்ததும் அதைத்தான்.

ஜூன் 10, திங்கள்

‘சார்ட்’டால் அகரவரிசைப்படுத்தி, வெளியீட்டை அதே கோப்புக்குத் திருப்பிவிட்டேன். கோப்பு காலி, 0 பைட். ‘>’ குறியைப் பார்த்ததும், நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் என்ற நிரல் முதலில் அந்தக் கோப்பைத் துடைத்துத் தயார் செய்கிறது, அதற்குப் பிறகுதான் சார்ட் ஓடத் தொடங்குகிறது. படிக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. வேறு பெயரில் எழுதிவிட்டுப் பிறகு பெயர் மாற்றலாம். ‘மைனஸ் ஓ’ என்று கொடுத்தால் சார்ட் எல்லாவற்றையும் படித்து முடித்தபின் அதே கோப்பில் எழுதும். நேற்றைய நகல் கைகொடுத்தது.

இன்னொன்று. பைட் வரிசைப்படி, அதாவது கணினி எழுத்துகளுக்கு உள்ளே வைத்திருக்கும் எண்களின் வரிசைப்படி, அடுக்கினால் ‘அன்பு’ முதலிலும் ‘அப்பம்’ பின்னாலும் வருகிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிக்கோடு என்ற முறையில் ‘ன’ என்பது ‘ந’வை அடுத்து, ‘ப’வுக்கு முன் இருக்கிறது. நம் அகராதியில் ‘ன’தானே கடைசி மெய்?

ஜூன் 15, சனி

‘கொடி’ என்று கிரெப் செய்தேன், ஒரு வரி வந்தது. லெஸ்ஸில் பார்த்தால் இரண்டு வரிகளில் இருக்கிறது. இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி. எழுத்துப்பிழை இல்லை, நடுவில் இடைவெளியும் இல்லை.

இரண்டு சொல்லையும் தனித்தனிக் கோப்பில் ஒட்டி, ‘டபிள்யூசி மைனஸ் சி’யால் பைட்டுகளை எண்ணினேன். ஒன்று 13, மற்றது 16. யூனிக்கோடு எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், வரிமுடிவுக்கு 1. அப்படியானால் ஒன்றில் நான்கு குறிகள், மற்றதில் ஐந்து. விஷயம் இதுதான்: ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். யூனிக்கோடின்படி இரண்டும் சமம்தான். திரையிலும் வித்தியாசம் தெரியாது. கிரெப் பைட்டைப் பார்க்கிறது, அதனால் இரண்டும் அதற்கு வேறு வேறு.

கொம்பையும் காலையும் தனியே தட்டுவது சிரமம். பாஷ் என்ற ஷெல்லில் குறியின் யூனிக்கோடு எண்ணைக் கொடுத்தே எழுத முடிகிறது. அப்படி எழுதி, இரண்டாக இருந்ததை ஒன்றாக்கச் செட்டிடம் சொன்னேன். முதலில் திரையில் பார்த்தேன், பிறகு ‘.பேக்’கோடு கோப்பில் எழுதினேன். ‘கோ’ வரிசைக்கும் இதே போல. டிஃப் 61 வரிகள் மாறியதாகக் காட்டியது, ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாம் சரி.

மிச்சம் ‘ஔ’. சில இடங்களில் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஔ’ போலத் தோன்றவைத்திருக்கிறேன். ‘ஒள’ என்று கிரெப் செய்ததில் 23 வரிகள். அவற்றில் ‘ஒளி’, ‘ஒளிவு’, ‘ஒளிர்தல்’ என்று 21 வரிகள் நல்ல சொற்கள். ‘ஒளவை’, ‘ஒளடதம்’ இரண்டுதான் பிழை. இதற்குச் செட் வேண்டாம். வரி எண்களைக் குறித்துக்கொண்டேன், நானோவில் கையாலேயே திருத்தப்போகிறேன்.