6 இஞ்ச் சர்ஃபேஸ் பிளானர்: அலை வரி ஒருவழியாக நின்றது

பலகையின் அகல முகத்தையும் விளிம்பையும் நேராக இழைக்கும் இந்த மெஷினில், தேக்குப் பலகையில் விடாமல் விழுந்துகொண்டிருந்த குறுக்கு வரி போயே போய்விட்டது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தாலும் கண்ணுக்குத் தட்டவில்லை. பிளேடைச் சாணை பிடித்து இது தீராது, காரணம் பிளேடுகளின் உயரம் ஒன்றாக இல்லாதது. வரிகளின் இடைவெளியே அதைச் சொல்லிவிடும். பிளாக் (பிளேடுகள் மாட்டிச் சுற்றும் உருளை) நிமிடத்துக்கு 5000 சுற்று, அதில் பிளேடு 3. நிமிடத்துக்கு 5 மீட்டர் வேகத்தில் பலகையைத் தள்ளினால் வரிக்கு வரி 0.33 மி.மீ. வரவேண்டும். 1 மி.மீ. வந்தால் ஒரே பிளேடு தூக்கி நிற்கிறது, மற்ற இரண்டின் வெட்டையும் அதுவே அழித்துவிடுகிறது என்று அர்த்தம்.

பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும்படி மேசைமேல் போட்டுவிட்டுத்தான் பிளாக்கில் கை வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்தது போதாது. பிளேடு உட்காரும் பள்ளத்தில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெயில் துடைத்து எடுங்கள். ஒரு சீவல் அடியில் மாட்டினாலும் பிளேடு சரியாக உட்காராது.

மட்டம் பார்க்க டயல் கேஜ் (முள் காட்டும் நுண்ணளவுக் கருவி) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 300 மி.மீ. நீளத்துக்கு நேராக இழைத்த காய்ந்த மரச்சட்டம் போதும். அதைப் பின் டேபிளில் (வெட்டிய பலகை போய் உட்காரும் பக்கம்) வைத்து பிளாக்குக்கு மேல் நீட்டி, டேபிள் விளிம்புக்கு நேராகச் சட்டத்தில் ஒரு கோடு. பிளாக்கைக் கையால் மெதுவாக ஓடும் திசையில் சுற்றினால் பிளேடு நுனி சட்டத்தைக் கொஞ்சம் இழுத்துப்போகும். பிளேடு நுனி சுற்றும் வட்டம் 75 மி.மீ. விட்டமுள்ள மெஷினில் 3 மி.மீ. இழுத்தால் பிளேடு டேபிளைவிட ஏறக்குறைய 0.03 மி.மீ. உயரம். 6 மி.மீ. இழுத்தால் 0.06 இல்லை, 0.12! இழுப்பு இரட்டித்தால் உயரம் நாலு மடங்காகும். அதனால் இழுப்பில் தெரியும் சின்ன வித்தியாசத்தையும் விடக்கூடாது. மூன்று பிளேடிலும், இரண்டு ஓரத்திலும் ஒரே இழுப்பு வரவேண்டும்.

உயிரை வாங்குவது பிளேடைப் பிடிக்கும் போல்ட்டை முடுக்கும் இடம். அடியில் ஸ்க்ரூ வைத்துத் தூக்கும் மாடலில், மட்டம் பார்த்துவிட்டு முழுசாக முடுக்கினால் பிளேடு மேலே ஏறிவிடும். நடு போல்டிலிருந்து ஓரத்துக்குப் போகிற வரிசையில், முதல் சுற்று பிளேடு நிற்கிற அளவுக்கு, இரண்டாவது பாதி, மூன்றாவதுதான் முழுப்பிடி. பாதிப் பிடியில் கட்டை வைத்து லேசாகத் தட்டி இறக்க முடியும். முழுப்பிடிக்குப் பிறகு இன்னொரு தடவை அளக்காமல் விடாதீர்கள். ஸ்பேனரில் பைப் மாட்டி முடுக்குவது வேண்டவே வேண்டாம், மரை போய்விடும். ஓடும்போது பிளேடு பிய்த்துக்கொண்டு வந்தால் ஆளை வெட்டும். கரண்ட் கொடுக்கும் முன் எல்லாப் போல்ட்டையும் வரிசையாக ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

பின் டேபிள் பிளேடு நுனியைவிட உயர்ந்திருந்தால் பலகை போகப் போக வெட்டுக் குறைந்து சாய்வாக வரும். தாழ்ந்திருந்தால் கடைசி ஓரிரு இஞ்சில் பள்ளம் விழும். டேபிளை லாக் செய்யும்போது அது கொஞ்சம் நகரும், அதனால் லாக் செய்த பிறகுதான் அளவு கணக்கு.

பிளேடை ஒற்றையாக வாங்காதீர்கள். மூன்றையும் சேர்த்தே வாங்கி, சேர்த்தே சாணைக்குக் கொடுங்கள். அகலமும் எடையும் மாறினால் பிளாக் அதிரும். காரைக்குடிப் பக்கம் இடிக்கிற வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்கு உத்தரம் அருமையான மரம்தான், ஆனால் காந்தம் வைத்து ஆணி தேடாமல் மெஷினில் விடக்கூடாது. மேல்தோலில் ஒட்டிய சுண்ணாம்பையும் சுரண்டிவிடுங்கள், புது முனையை அது உடனே மழுக்கிவிடும்.

ஓட்டும்போது வெட்டு 1 மி.மீ. போதும். 300 மி.மீ.க்குக் குறைவான துண்டு இதில் வேண்டாம், கை இழைப்புளியே மேல். கையுறையும் தோள் துண்டும் ஆகாது. பிளாக்கை மூடும் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற பட்டறைப் பழக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. முகம் இழைக்கும்போது தள்ளுகட்டை இருந்தாக வேண்டும், கை பிளாக்குக்கு நேர் மேலே வரக்கூடாது.

அடுத்த வேலை, பலகையைப் பிளாக்குக்குத் தள்ளும் பக்கமுள்ள முன் டேபிள். 1 மீட்டர் நேர்ச்சட்டம் வைத்தால் டேபிளின் வெளி முனையில் 0.15 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறது. அப்படித் தொங்கினால் நீளப் பலகையின் விளிம்பு நடுவில் குழிந்து வரும். தொங்குகிற முனைப் பக்கம் டேபிள் சறுக்கும் இடத்தில் ஃபீலர் தகட்டையே வெட்டி ஷிம்மாக (உயரத்தை ஈடுகட்டும் தகடாக) செருகப் போகிறேன். அதுவரை வேங்கை மேசைப் பலகைக்கு விளிம்பு ஒட்டும் வேலை நிறுத்திவைப்பு.