கௌபிக் கணக்கு

ஜூன் 9, 2025, திங்கள்

பகல் குடும்பநல உத்தியோகத்தர் வந்து போனார். எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் இன்னும் ‘மிட்வைஃப் மிஸ்’தான். ஸ்கூட்டியைப் படலையடியில் நிறுத்திவிட்டு, கக்கத்தில் பதிவேட்டுடன் விறாந்தைக்கு வந்தார். வைகாசியில் கல்யாணம் முடிந்த சோடியின் பெயரைப் பதிய வேண்டுமாம். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. “இப்போது ஒன்றும் இல்லையே மிஸ், ஏதும் என்றால் நாங்களே வருகிறோம்” என்றாள். “ஒன்றும் இல்லாதபோது வருவதுதான் பிள்ளை என் வேலை” என்று அவர் சிரித்தார். ஃபோலிக் அமில மாத்திரைகளைக் கொடுத்து, நாளுக்கு ஒன்று என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

இரவு சாப்பாட்டு மேசையில் மருமகன் மாத்திரையை எடுத்துப் பார்த்தார். வங்கியில் வேலை, எதற்கும் கணக்குக் கேட்கிற ஆள். “மாமி, இந்த வீட்டில் கீரையும் பருப்பும் இல்லாத நாள் இல்லை. பிறகு இது எதற்கு?”

நியாயமான கேள்வி. பள்ளியில் மனையியல் படிப்பித்த காலத்தில் இப்படி ஒரு மாணவி கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினேன். கரு உருவான நாளை ஒன்று என்று வைத்தால், பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணும் ஆகப்போகிற நரம்புக் குழாய் 28ஆம் நாளளவில் மூடிவிடுகிறது. மாதவிலக்குத் தள்ளிப்போயிற்று என்று தெரியவே அதில் பாதி நாள் கழிந்துவிடும். மிச்சப் பாதி, ‘இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்’ என்பதிலும், யாருக்கு முதலில் சொல்வது என்ற யோசனையிலும் போகும். கிளினிக்கில் அட்டை போடும்போது குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமல் விட்டிருக்கும். மூடாமல் விட்டால் முள்ளந்தண்டுப் பிளவு. தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளையே சரியாக வளராது. ஃபோலேட் என்ற பி விட்டமினின் மாத்திரை வடிவம்தான் ஃபோலிக் அமிலம். இந்தக் குறைகள் எல்லாவற்றுக்கும் ஃபோலேட் குறைவு காரணமல்ல. ஆனால் மாத்திரையால் பெரும்பங்கைத் தடுக்க முடியும்.

1991இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 7 நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. முன்பு ஒரு பிள்ளைக்கு இந்தக் குறை இருந்த தாய்மாருக்கு நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். அடுத்த பிள்ளைக்கும் வரும் ஆபத்து 72 சதவீதம் குறைந்தது. அப்படி எதுவும் இல்லாத மற்றப் பெண்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு நாளுக்கு 400 மைக்ரோகிராம். கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, முதல் 12 வாரம் முடியும்வரை.

இந்த ஊரில் கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே “விசேஷம் ஏதும் உண்டா?” என்று சந்தையிலும் கோயில் வீதியிலும் கேட்கிறார்கள். மாத்திரை போடுகிறாளா என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஜூன் 12, வியாழன்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்விட்டு வந்து, சமையலறைத் தராசையும் பழைய கொப்பியையும் எடுத்துக்கொண்டு இருந்தேன்.

முருங்கையிலையில் ஏமாற்றம். 100 கிராம் பச்சை இலையில் சுமார் 40 மைக்ரோகிராம்தான் ஃபோலேட். வறைக்கு ஆள் ஒன்றுக்கு ஒரு பிடி இலை போதும், அது 30 கிராமும் வராது. முருங்கையில் வேறு எத்தனையோ நன்மை உண்டு, அதற்காகச் சாப்பிடலாம். இந்தக் கணக்கில் அதற்கு முதலிடம் இல்லை. முட்டை ஒன்றில் 25க்குள். வெள்ளைச் சோறு பெயருக்கு மட்டும். கறுத்தக்கொழும்பான் காலமாகையால் மாம்பழத்தையும் பார்த்தேன்: 100 கிராமில் 40க்குச் சற்று மேல். மோசமில்லை.

முதலிடம் கௌபிக்கு, அதாவது தட்டைப்பயறுக்கு. அவித்த கௌபி 100 கிராமில் 200 மைக்ரோகிராமளவு. கடலையும் பயறும் அதற்குச் சற்றுப் பின்னால். மைசூர்ப் பருப்பும் கெட்டியாக வைத்தால் கிட்டத்தட்ட அதே வரிசைதான்; சொதிபோல் தண்ணீராக வைத்தால் கோப்பையில் பருப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

சமைக்கிற விதத்திலும் விஷயம் இருக்கிறது. ஃபோலேட் தண்ணீரில் கரையும், சூட்டிலும் அழியும். கீரையை நிறையத் தண்ணீரில் அவித்து வடித்தால் பாதி வரை வடிநீரோடு போய்விடும். எங்கள் கீரைக்கடையல் இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமானது: அவித்த தண்ணீரோடேயே கடைகிறோம். கௌபிக்கும் தண்ணீரை அளந்து வைத்து, அது வற்றும்போது தோல் வெடித்து, விதை கரையாமல் இருக்கும் பதத்தில் இறக்குகிறேன். பிறகு செத்தல் மிளகாய், கடுகு, வெங்காயத் தாளிதம், கடைசியில் தேங்காய்ப்பூ.

இனி மருமகனின் கேள்வி. உணவிலுள்ள ஃபோலேட்டைவிட மாத்திரையிலுள்ளதை உடல் நன்றாக உறிஞ்சும். உணவோடு எடுத்த 400 மைக்ரோகிராம் மாத்திரை, உணவு ஃபோலேட் கணக்கில் 680க்குச் சமம். கௌபியில் அதை எடுப்பதானால் 340 கிராம், வழக்கமான சாப்பாட்டுக்கு மேலதிகமாக, ஒவ்வொரு நாளும். தராசில் நிறுத்து, சூப்புக் கோப்பையில் கும்பமாகக் குவித்து அவர் முன்னால் வைத்தேன். ஒரு கரண்டி எடுத்தார், கும்பத்தைப் பார்த்தார், மகளிடம் “மாத்திரையைப் போடும்” என்றார். கௌபியைக் கைவிடவேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. புரதமும் நாரும் மாத்திரையில் வராது.

ஜூன் 15, ஞாயிறு

தங்கை டொரொன்டோவில் இருந்து கதைத்தாள். “எங்களுக்குப் பாணிலேயே போட்டுத் தந்துவிடுகிறார்கள் அக்கா” என்று பெருமை. உண்மைதான். கனடாவில் 1998 முதல் வெள்ளைக் கோதுமை மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயம். அதன் பின் நரம்புக் குழாய்க் குறைகள் 46 சதவீதம் குறைந்ததாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. திட்டமிடாமல் கருத்தரித்தவளையும் அந்தப் பாண் காப்பாற்றுகிறது. மாவில் சேர்ப்பதன் சிறப்பே அதுதான். ஆனால் அங்கேயும் பிள்ளை பெற எண்ணுகிற பெண்கள் மாத்திரை எடுக்கத்தான் வேண்டும். அதைச் சொன்னேன். தன் மகளிடம் கேட்கிறேன் என்றாள், பெருமை கொஞ்சம் இறங்கிய குரலில்.

ஜூன் 18, புதன்

அக்கா வந்திருந்தார். மேசையில் மாத்திரையைக் கண்டதும், “இரத்தம் ஊறுமாமே, எனக்கும் இரண்டு மூன்று தா. நடந்தால் களைக்கிறது” என்றார்.

கொடுக்கவில்லை. அக்கா சுத்த சைவம். முட்டை தொடமாட்டார், பால் தேநீரோடு சரி. சில மாதமாகப் பாதம் விறைக்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்குக் குறைவது விட்டமின் பி12 ஆக இருக்கலாம். அது மீன், இறைச்சி, முட்டை, பால் என்று விலங்குணவில் வருவது. பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலத்தைக் கூடுதலாக எடுத்தால் இரத்தச் சோகை மட்டும் சரியாகிவிடும். பரிசோதனையில் இரத்தம் நன்றாகத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். பெரியவர்கள் மாத்திரையாக நாளுக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று எல்லை வைத்ததற்கு இதுவே காரணம். இரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லி அனுப்பினேன். “சொந்தத் தங்கச்சி ஒரு குளிசை தராள்” என்று படலைவரை சொல்லிக்கொண்டு போனார். சொல்லட்டும்.

ஜூன் 21, சனி

மழைக்குணம். மருமகனுக்குத் தடிமன், சுடுநீரில் மார்மைட்டும் தேசிக்காய்ப்புளியும் விட்டுக் கொடுத்தேன். ஈஸ்ட்டில் செய்கிற இந்தக் கறுப்புப் பசைக்கும் எங்கள் மாத்திரைக்கும் உறவு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்து, துணி ஆலைகளில் வேலைசெய்த ஏழைக் கர்ப்பிணிகளின் கடும் இரத்தச் சோகையை ஆராய்ந்தார். மார்மைட் கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். 1931இல் அதை எழுதினார். உள்ளே இருக்கும் பொருள் என்னவென்று அப்போது தெரியாது. ‘வில்ஸ் காரணி’ என்றே அழைத்தார்கள். 1941இல் அமெரிக்காவில் 4 டன் ஸ்பினாச் கீரையில் இருந்து அதை, இன்று ஃபோலிக் அமிலம் என்கிற பொருளை, பிரித்தெடுத்தார்கள். 4 டன்! திருநெல்வேலிச் சந்தைக் கீரைக்காரிகள் எல்லோரும் சேர்ந்தாலும் ஒரு நாளில் அவ்வளவு கொண்டுவரமாட்டார்கள்.

ஜூன் 27, வெள்ளி

மருமகன் தன் அலுவலகத்தில் கௌபிக் கதையைச் சொல்லியிருக்கிறார். கூட வேலைசெய்கிற, சமீபத்தில் கல்யாணம் முடித்த ஒருவர் மனைவிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து காட்டினாராம். 5 மில்லிகிராம்! 400 மைக்ரோகிராமின் பன்னிரண்டு மடங்குக்கு மேல். கடைக்காரர் “கூட இருந்தால் நல்லதுதானே” என்றாராம். அந்த அளவு, முன்பு இக்குறையுள்ள பிள்ளை பிறந்தவர்களுக்கு, சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு, வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களுக்கு, அதுவும் வைத்தியர் எழுதித் தந்தால். தலையிடிக் குளிசைபோல எட்டிக் கொடுக்கிற சாமான் அல்ல.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கட்டும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகட்டும், அங்கே காசில்லாமல் தருவார்கள் என்றேன். மருமகன் அப்போதே தொலைபேசியை எடுத்தார். மற்றப் பக்கத்தில் இருந்து ஒரே ஒரு கேள்வி: “மனைவி மட்டும் போனால் போதுமா?”

சோடியாகத்தான் போகவேண்டும் என்று உரக்கச் சொன்னேன், அவருக்கும் கேட்கும்படி. நிறையும் உயரமும் பார்ப்பார்கள், பிறஷர் பார்ப்பார்கள், ருபெல்லா ஊசி போட்டதா என்று கேட்பார்கள். அரை நாள் லீவு போதும்.